பஞ்சும் நெருப்பும்

பஞ்சையும் நெருப்பையும் பக்கத்தில் வைக்கலாகாது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அவர்கள் அதைச் சொல்லுவது வேறு விஷயத்துக்காக. இராஜபாளையத்திலோ அந்தப் பழமொழி எழுத்துக்கு எழுத்து உண்மை. 1936-ஆம் வருஷத்தில் பி. ஏ. சி. ராமசாமி ராஜா அவர்கள் இராஜபாளையம் மில்ஸைத் தோற்றுவித்தார். பிறகு ஆலைகள் பெருகின. பஞ்சே அவ்வூருக்கு ஜீவனாயிற்று.

அவ்வூர் நூற்பாலை ஒன்றில் தீயணைப்பு வாரத்தை ஒட்டி நடந்த தீ விபத்து ஒத்திகைக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் உபாத்தியாயர்கள் சிலருடன் நாமும் சென்றிருந்தோம். வேடிக்கை பார்க்கத்தான் போனோம். தீயணைப்பு அதிகாரியோ, "நீங்களும் தொழிலாளிகளோடு நில்லுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

அந்த வாரம் ஏப்ரல் 14-ஆம் தேதி தொடங்குவதற்குக் காரணம் உண்டு. 1944-ல் அதே தினத்தில் பம்பாய்த் துறைமுகத்தில் ‘போர்ட் ஸ்டிகைன்’ என்னும் கப்பல் தீப்பிடித்து வெடித்தது. வெடிமருந்தோடு பஞ்சு மூட்டைகளையும் ஏற்றி வந்த கப்பல் அது! தீயை அணைக்கச் சென்ற வீரர்களில் 66 பேர் திரும்பவில்லை.

பஞ்சுத் தீயின் குணமே தனி. பஞ்சைப் பிரிக்கும் இயந்திரத்தில் ஓர் இரும்புத் துண்டு மோதினால் போதும், பொறி பறக்கும். காற்றுக் குழாய் வழியே பஞ்சோடு பொறியும் அடுத்த இயந்திரத்துக்குப் போய்விடும். மூட்டையில் பற்றிவிட்டாலோ, மேலே எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் உள்ளே மணிக்கணக்காகக் கனன்றுகொண்டிருக்கும்.

சங்கு ஊதிற்று. இயந்திரங்கள் நின்றன. மின்சாரத்தைத் துண்டித்தார்கள். புகை மேலே எழும், நல்ல காற்று தரையை ஒட்டி நிற்கும் என்பதால் எல்லோரும் குனிந்தபடியே வெளியேறினோம். மைதானத்தில் தலை எண்ணினார்கள். ஒருவர் குறைந்தார்! சாப்பாட்டுத் தூக்கை எடுக்கத் திரும்பிப் போன ஓர் அம்மாள் சற்றுப் பொறுத்துச் சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்தார். "அம்மா, இது நிஜமாயிருந்தால் உங்களைத் தேடி என் ஆட்கள் இரண்டு பேர் உள்ளே போயிருப்பார்கள்" என்றார் அதிகாரி, மெதுவாக. மைதானம் முழுவதும் நிசப்தமாயிற்று. மறுபடி ஒத்திகை நடந்தது. இம்முறை கணக்குச் சரியாயிருந்தது.

உபாத்தியாயர்களாகிய நமக்கு அப்போது கும்பகோணந்தான் ஞாபகம் வந்தது. 2004 ஜூலை 16-ல் அங்கே ஒரு பள்ளிக்கூடத்துச் சமையற்கூடத்தில் தோன்றிய தீ கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் மாண்டனர்.

எளிதில் தீப்பற்றும் பொருள்கள் உள்ள ஆலைகளில் தப்பும் வழியைத் தொழிலாளர் அறிந்து பழகியிருக்க வேண்டும் என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. சுதந்திரம் பெற்ற மறு வருஷமே நாம் இயற்றிக்கொண்ட சட்டம் அது. ஆலைக்கு வேண்டிய பழக்கம் பள்ளிக்கும் வீட்டுக்கும் வேண்டாமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு, எந்த வாசலால் வெளியேறுவது, எந்த மரத்தடியில் கூடுவது என்று நடந்தே காட்டுங்கள். 101 என்ற எண்ணை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். நகையானாலும் புத்தகமானாலும் எதற்காகவும் திரும்பிப் போவதில்லை என்பதை முதல் விதியாக வையுங்கள். எல்லாம் பத்து நிமிஷ வேலைதான்.