காரா, வண்டியா, பிளசரா?

நான் ஆட்டோமொபைல் பிரிவு மாணவன். வகுப்பில் 'ஸ்பேர் வீல்' என்று எழுதுவோம். திருத்தங்கல் ஒர்க்ஷாப்பில் அப்படிச் சொன்னால் சிரிக்கிறார்கள். அங்கே அது ஸ்டெப்னி. வேல்ஸ் நாட்டில் லானெல்லி என்ற ஊரின் ஒரு தெருவுக்குத்தான் அந்தப் பெயர். 1904-இல் அங்கே ஒரு பட்டறையில் டயர் பூட்டிய வளையம் ஒன்றைச் செய்தார்கள். அந்தக் காலக் கார்களில் மாற்றுச் சக்கரம் கிடையாது. பஞ்சரான சக்கரத்தோடு இதை இறுக்கி மாட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேரலாம்.

டிக்கியும் பழைய கதைதான். காரின் பின்புறம் மடக்கித் திறக்கும் சீட்டுக்கு முன்பு அந்தப் பெயர். சீட் போச்சு, பெயர் தங்கிவிட்டது.

எங்க ஆச்சிக்குக் கார் என்றால் 'பிளசர்'. சரக்குக்கு லாரி, சுகமாகப் போக பிளஷர் கார் என்று ஆங்கிலத்தில் வழங்கியது. 'மகிழுந்து' அதற்கு ரொம்பத் தூரமில்லை, ஆனால் பாடப்புத்தகத்தை விட்டு இறங்கவில்லை.

குழப்பமெல்லாம் 'வண்டி'யில்தான். சைக்கிள், பைக், லாரி, பட்டாசு ஆலைக்கு ஆள் ஏற்றும் வேன் எல்லாமே வண்டி. போன வருஷம் ஆச்சிக்கு நெஞ்சுவலி. பதற்றத்தில் 108 ஞாபகமே வரவில்லை. "சித்தப்பா, வண்டிய எடுத்துட்டு சீக்கிரம் வாங்க" என்று போன் போட்டேன். சீக்கிரம் என்றதும் அவர் காரை விட்டுவிட்டு பைக்கில் பறந்து வந்தார். திரும்பப் போய்க் காரைக் கொண்டுவர அரை மணி நேரம்.

ஆச்சி பிழைத்துக்கொண்டார். வீடு திரும்பியதும் முதலில் சொன்னது: "பிளசர்னு சொல்லிருந்தா அவனுக்கு வெளங்கிருக்கும்லாடா!"