உப்பின் வரவு செலவு: கட்டுப்பாட்டு உணவிலும் கோழிக் குழம்பு

இரத்த அழுத்தம் மிகுந்துள்ளது, உப்பையும் எண்ணெயையும் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் கூறிய நாள்முதல் பல இல்லங்களில் ஞாயிற்றுக்கிழமைக் கோழிக் குழம்பு நின்றுவிடுகிறது. அல்லது, மற்றவர்கள் குழம்பு உண்ண, ஒருவர் மட்டும் தமக்கென ஆக்கிய சுவையற்ற உணவுடன் தனியே அமர்கிறார். இவ்விரு வழிகளும் நெடுநாள் நீடிப்பதில்லை. சில வாரங்களிலேயே பத்தியம் முறிந்துவிடுகிறது. வீட்டிலுள்ள அனைவரும் உண்ணும் உணவே பத்திய உணவாகவும் அமைந்தால்தான் கட்டுப்பாடு நிலைக்கும்.

கோழி இறைச்சியின்மீது குற்றமில்லை. தோல் நீக்கிய நெஞ்சுப் பகுதி 100 கிராமில் ஏறத்தாழ 22 கிராம் புரதமும் 3 கிராம் கொழுப்பும் உள்ளன. அதில் இயற்கையாக உள்ள சோடியம் 100 மில்லிகிராமுக்கும் குறைவு. மிகுதியை நாம்தான் சட்டியில் சேர்க்கிறோம்.

உலக சுகாதார நிறுவனம் வயது வந்தோருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. இது தட்டையாக வழித்த ஒரு தேக்கரண்டி அளவு. நால்வர் கொண்ட குடும்பத்திற்கு இது நாளொன்றுக்கு 20 கிராம். அவ்வாறாயின், ஒரு கிலோ உப்புப் பொட்டலம் குறைந்தது 50 நாள்கள் வர வேண்டும். மாதத்திற்கு ஒரு பொட்டலம் தீருமாயின், வரவை மீறிச் செலவு செய்கிறோம் என்பதே பொருள்.

கணக்கில் எழுதப்படாத செலவுகளும் உண்டு. ஊறுகாய், அப்பளம், சோயா சாஸ், கடையில் வாங்கும் மசாலா விழுது ஆகியவை உப்பு நிறைந்தவை. சமையல் சோடாவிலும் அஜினோமோட்டோவிலும் சோடியம் உள்ளது. பொட்டலத்தின் பின்புறத்தில் அச்சிடப்பட்டுள்ள சோடியம் அளவை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 800 மில்லிகிராம் சோடியம் எனில், அது 2 கிராம் உப்பு.

இனிச் சமையல் முறை. நால்வருக்கு அரைக் கிலோ தோல் நீக்கிய கோழி போதும். அரைக் கோப்பை தயிர், இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள்தூள், வீட்டில் வறுத்து அரைத்த மிளகு, மல்லி, சீரகம் ஆகியவற்றைப் பிசறி, குளிர்பதனப் பெட்டியில் இரண்டு மணி நேரம் வைக்கவும். அடிகனமான சட்டியில் மூன்று தேக்கரண்டி எண்ணெய் ஊற்றி, சின்ன வெங்காயத்தையும் கறிவேப்பிலையையும் பொன்னிறமாக வதக்கவும். இரண்டு தக்காளி சேர்த்துக் குழைந்ததும் கோழியைப் போட்டு, மூடி, சிறுதீயில் முழுமையாக வேகவிடவும். அரைத் தேக்கரண்டி உப்பை அளந்து, இறக்குமுன் மட்டும் சேர்க்கவும். தொடக்கத்திலேயே உப்பிட்டால் பின்னர்ச் சுவை பார்த்து மீண்டும் இடத் தோன்றும். இவ்வாறு செய்தால் ஒருவர் பங்கிற்கு 1 கிராமுக்கும் குறைவான உப்பே சேரும். இன்னும் குறைவாக உண்ண வேண்டியவரின் பங்கை உப்பிடுமுன் தனியே எடுத்துவிடலாம். நிறைவாகச் சில துளி எலுமிச்சைச் சாறு பிழிந்தால் உப்பின் குறை நாவுக்குத் தெரியாது.

புளிப்பையும் காரத்தையும் மணத்தையும் கொண்டு சுவை சேர்ப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. ஆந்திரத்தில் கோழியுடன் புளிச்சகீரை சேர்க்கின்றனர். கோவாவின் கஃப்ரியால் கோழியில் கொத்துமல்லித் தழையும் பச்சை மிளகாயும் முதன்மை பெறுகின்றன. தந்தூர் அடுப்பில் சுடும் கோழி தயிரில் ஊறுகிறது. இவற்றின் உப்பையும் எண்ணெயையும் குறைத்துக்கொண்டால் பத்தியத்திற்குப் பொருந்தும்.

சில எச்சரிக்கைகள் தேவை. சோடியம் குறைந்த உப்பு என விற்கப்படுவதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரக நோயுள்ளவர்களும், இரத்த அழுத்தத்திற்குச் சிலவகை மாத்திரைகளை உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேளாமல் அதைப் பயன்படுத்தலாகாது. சிறுநீரக நோயாளிகளுக்குப் புரதத்தின் அளவும் வரையறுக்கப்படுவதால், எத்தனை துண்டு உண்ணலாம் என்பதையும் கேட்டறிய வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் கோழியைவிட, அதனுடன் உண்ணும் சோற்றின் அளவிலேயே கவனம் செலுத்துதல் நன்று.

அடுத்த முறை புதிய உப்புப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது அதன்மீது அன்றைய தேதியைக் குறித்து வையுங்கள். அது தீரும் நாளில் உங்கள் இல்லத்தின் உப்புக் கணக்கு எவருடைய உதவியுமின்றி உங்களுக்கே விளங்கும்.