தெருவில் பாடிய பார்வையற்ற போதகர்



எரிகோவை விட்டு வெளியேறும் வழியில், ஓரமாக உட்கார்ந்து பிச்சை எடுத்துக்கொண்டிருந்த பர்த்திமேயுவை நாம் அனைவரும் அறிவோம் (மாற்கு 10:46-52). பார்வையற்ற அந்த மனிதர், இயேசு அவ்வழியே போகிறார் என்று கேள்விப்பட்டதும் உரக்கக் கத்தினார். சுற்றியிருந்த கூட்டம் என்ன செய்தது? பேசாமல் இருக்குமாறு அவரை அதட்டியது.

இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புவது, சென்ற நூற்றாண்டில் அமெரிக்கத் தெருக்களில் பல ஆண்டுகள் பாடிக்கொண்டிருந்த இன்னொரு பார்வையற்ற மனிதரின் வாழ்க்கை. அவர் பெயர் கேரி டேவிஸ். பாப்டிஸ்ட் சபையின் போதகர். அதோடு 'ப்ளூஸ்' என்னும் இசையில் கைதேர்ந்த கிட்டார் கலைஞர்.

ப்ளூஸ் என்றால் என்ன என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் சட்டப்படி அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றார்கள். ஆனால் வறுமையிலிருந்தும் அவமதிப்பிலிருந்தும் அவர்களுக்கு விடுதலை கிடைக்கவில்லை. அந்த வேதனையிலிருந்து, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்த இசை இது. நம் ஊர் ஒப்பாரியைப் போல, துயரத்தை மூடி மறைக்காமல் வாய்விட்டுச் சொல்லும். பின்னாளில் வந்த ராக் இசைக்கும் இதுதான் வேர். ஆனால் குடியும் கூத்தும் நடக்கும் இடங்களில் இது பாடப்பட்டதால், கோவிலுக்குப் போகும் மக்கள் பலர் இதைச் சாத்தானின் இசை என்று ஒதுக்கினார்கள்.

கேரி டேவிஸ் 1896-ஆம் ஆண்டு ஏப்ரல் 30 அன்று தென் கரோலினா மாநிலத்தின் லாரன்ஸ் பகுதியில், ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய தாய் பெற்ற எட்டுப் பிள்ளைகளில் வளர்ந்து ஆளானவர்கள் இருவர் மட்டுமே. கைக்குழந்தையாக இருந்தபோதே டேவிஸ் பார்வையை இழந்தார். பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தார். சிறு வயதிலேயே கிட்டாரைக் கையில் எடுத்தார். வலக்கையில் பெருவிரல், சுட்டுவிரல் என்ற இரண்டு விரல்களால் மட்டுமே மீட்டுவார்; கேட்பவர்களுக்கோ இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாசிப்பதுபோல் இருக்கும். ஒருமுறை கீழே விழுந்து அவருடைய இடது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கோணலாகவே கூடிவிட்டது. அந்தக் கோணல் கையால், மற்றவர்களுக்கு எட்டாத சுரக்கட்டுகளை அவரால் பிடிக்க முடிந்தது. ஊனம் என்று உலகம் எண்ணியதே அவருடைய கைவண்ணமாயிற்று.

1930-களில் வட கரோலினாவில், புகையிலைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற டர்ஹம் நகரத் தெருக்களில் அவர் பாடினார். போவோர் வருவோர் போட்ட காசுதான் அவருக்குச் சோறு. அந்தக் காலத்தில்தான் அவர் மனம் கடவுள்பக்கம் திரும்பியது. போதகராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1935-இல் நியூயார்க்கில் அவருடைய பாடல்களை இசைத்தட்டில் பதிவு செய்தார்கள். அன்று விலைபோனவை ப்ளூஸ் பாடல்களே. ஆனால் அவர் அங்கே பதிவு செய்தவற்றுள் மிகப் பெரும்பாலானவை கடவுளைப் பற்றிய பாடல்கள். அதன்பின் பல ஆண்டுகள், பொது இடங்களில் ப்ளூஸ் பாட அவர் விரும்பவில்லை.

அன்பானவர்களே, இங்கே சற்று நின்று கவனிப்போம். அவர் பாட்டின் பொருளை மாற்றினார். கிட்டாரைத் தூக்கி எறியவில்லை. அதே இரண்டு விரல்கள்தாம். அதே தந்திகள்தாம். தெருவில் கற்ற அதே விறுவிறுப்பான நடை. யாருக்காக வாசிக்கிறோம் என்பதுதான் மாறியது. மனமாற்றம் என்றால் நம்மிடம் இருப்பதையெல்லாம் அழித்துவிடுவது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் தாலந்து உவமையில் தலைவர் கடிந்துகொண்டது, தாலந்தை மண்ணில் புதைத்தவனைத்தான் (மத்தேயு 25:14-30). திருவழிபாட்டில் எந்த இசை இடம்பெறலாம் என்பதற்குத் திருஅவை ஒழுங்குகளைத் தந்திருக்கிறது. அது வேறு பேச்சு. ஆனால் துயரத்தைப் பாடுவது கடவுளுக்கு ஆகாதது என்று யாரும் சொல்ல முடியாது. திருப்பாடல்கள் நூலில் 88-ஆம் பாடலைப் படித்துப் பாருங்கள். அது இருளில் தொடர்ந்து இருளிலேயே முடிகிறது. அதுவும் இறைவேண்டல்தான்.

1940-களில் டேவிஸ் நியூயார்க் நகருக்குக் குடிபெயர்ந்தார். கறுப்பின மக்கள் நெருக்கமாக வாழ்ந்த ஹார்லெம் பகுதியின் நடைபாதைகளே அவருடைய மேடையும் பிரசங்கபீடமும் ஆயின. கடைகளுக்கான சிறு கட்டடங்களில் கூடிய ஏழைச் சபைகளிலும் போதித்தார். வெயிலிலும் குளிரிலும் ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்று பாடினார். ஆயிரக்கணக்கானோர் அவரைக் கடந்து போனார்கள். சிலர் காசு போட்டார்கள். பார்வையற்றவர் என்று தெரிந்தே அவரிடம் திருடியவர்களும் உண்டு. தங்கள் தலைமுறையின் தலைசிறந்த கிட்டார் கலைஞர்களுள் ஒருவர் அங்கே நிற்கிறார் என்பதை எத்தனை பேர் அறிந்தார்கள்?

பிறகு இளைஞர்கள் சிலர் அவரைத் தேடி வந்தார்கள். ஐந்து டாலர் கொடுத்தால் பாடம் சொல்லிக்கொடுப்பார். கடிகாரம் பார்க்கமாட்டார், சில நாள் பாடம் மணிக்கணக்கில் நீளும். மனைவி அன்னி வருபவர்களுக்குச் சாப்பாடும் போடுவார். அந்த மாணவர்கள் வற்புறுத்தியதால், முதுமையில் பழைய ப்ளூஸ் பாடல்கள் சிலவற்றையும் வாசித்துக் காட்டினார். குறைகளே இல்லாத மனிதர் அல்லர் அவர். பழைய வாழ்வுக்கும் புதிய வாழ்வுக்கும் நடுவே நம்மைப் போலவே இழுபட்டவர்தான்.

1960-இல் அவருடைய பாடல்கள் 'ஹார்லெம் ஸ்ட்ரீட் சிங்கர்' என்ற இசைத்தட்டாகப் பதிவாயின. அதில் ஒன்று சிம்சோனைப் பற்றிய பாடல். கண்கள் பிடுங்கப்பட்டு, எதிரிகளின் கேலிக்கு ஆளான சிம்சோன், கடைசியில் கடவுளிடம் வலிமை கேட்டு மன்றாடிய வரலாறு நீதித்தலைவர்கள் நூலில் இருக்கிறது. பார்வையற்ற போதகர், பார்வையற்ற சிம்சோனைப் பாடினார். 1962-இல் 'பீட்டர், பால் அண்ட் மேரி' என்ற புகழ்பெற்ற குழு அதே பாடலைத் தங்கள் முதல் இசைத்தட்டில் பாடியது. அதற்காகக் கிடைத்த உரிமைத்தொகையில், அறுபது வயதைக் கடந்த டேவிஸ் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் சொந்தமாக ஒரு வீடு வாங்கினார். 1964-இல் இங்கிலாந்துக்கும் சென்று பாடினார். 'கிரேட்ஃபுல் டெட்', 'ஹாட் டூனா' போன்ற ராக் குழுக்கள் அவருடைய பாடல்களைத் தங்கள் மேடைகளுக்குக் கொண்டு சென்றன. 1972-ஆம் ஆண்டு மே 5 அன்று, இசை நிகழ்ச்சி ஒன்றுக்குப் போகும் வழியில் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 76.

சகோதர சகோதரிகளே, மீண்டும் எரிகோவுக்குப் போவோம். பர்த்திமேயுவின் குரல் கேட்டதும் இயேசு நின்றார். ஆனால் அவர் தாமே போய் அவரை அழைக்கவில்லை. அவரைக் கூப்பிடுமாறு பிறரிடம் சொன்னார். இதுவரை அதட்டிய கூட்டமே இப்போது துணிவூட்டி அழைக்க வேண்டியதாயிற்று. அன்று பர்த்திமேயு பார்வை பெற்றார். கூட்டத்துக்கும் கண் திறந்தது.

கேரி டேவிசுக்கு இவ்வுலகில் பார்வை திரும்பவில்லை. ஆனால் அவரைக் கடந்து போனவர்களுக்கும் அவர்முன் நின்று கேட்டவர்களுக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப்பாருங்கள். நாம் எந்தக் கூட்டம்? ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வரும்போது, கோவில் வாசலில் உட்கார்ந்திருப்பவருக்குக் காசு போடுகிறோம். அவர் பெயர் நமக்குத் தெரியுமா? அவரால் என்ன முடியும் என்று என்றாவது கேட்டிருக்கிறோமா? நம் வீட்டிலேயே, உடல் குறையோடு பிறந்த பிள்ளையிடம் கடவுள் ஒளித்து வைத்திருக்கும் கொடையைத் தேடிப் பார்த்திருக்கிறோமா?

இந்த வாரம் ஒருவர் முன்னாவது நின்று, அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்போம்.

இறைவா, எங்கள் கையில் நீர் தந்ததைப் புதைத்துவிடாமல் உமக்காகப் பயன்படுத்தும் மனதைத் தாரும். வழியோரத்துக் குரல்களை அதட்டாமல், உம்மிடம் அழைத்துவரும் கூட்டமாக எங்களை மாற்றும். ஆமென்.