பழைய எம்ஜிபி கொதிக்கிறதா? தெர்மோஸ்டாட்டைக் கழற்றாதீர்கள்!

செமிலிங்கில் நின்று பார்த்தால் ஜெராய் மலை கண்முன் நிற்கும். குரூணிலிருந்து அதன் மேலே போகும் வளைவுப் பாதை, பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் பெரிய பரீட்சை. கார் உறுமிக்கொண்டு ஏற ஏற, சூடு காட்டும் முள்ளும் ஏறும். கூடவே நம் இரத்த அழுத்தமும்!

எம்ஜிபியை எடுத்துக்கொள்வோம். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான ஸ்போர்ட்ஸ் கார். 1798 சிசி இன்ஜின். அது கொதிக்கிறது என்று சொன்னால் பட்டறையில் கிடைக்கும் முதல் வைத்தியம் இதுதான்: "நம்ம ஊரு சூட்டுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு தம்பி? கழட்டிப் போட்டுடு."

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ரேடியேட்டரால் சூட்டை வெளியேற்ற முடியாதபோது, தெர்மோஸ்டாட் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? நெடுஞ்சாலையில் இன்ஜின் போதிய சூடு ஏறாமல் ஓடித் தேய்வதுதான் மிச்சம். சூடான நாடுகளுக்கென்றே 74 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் உண்டு. வழக்கமானது 82 டிகிரி. பழுதா என்று சந்தேகமா? அம்மாவிடம் ஒரு பழைய பாத்திரம் வாங்கி, தண்ணீரில் போட்டுச் சூடாக்கிப் பாருங்கள். திறக்காவிட்டால் மட்டும் மாற்றுங்கள்.

உண்மையான குற்றவாளி பெரும்பாலும் துருச்சேறு. பல ஆண்டுகள் வெறும் பைப் தண்ணீர் ஊற்றிய இன்ஜினில், பின்பக்க சிலிண்டரைச் சுற்றி அது படிந்துவிடும். பிளாக்கிலுள்ள வடிகுழாயைத் திறந்தால் சொட்டுத் தண்ணீர்கூட வராது. கம்பியால் குத்தி அடைப்பை எடுத்து, தண்ணீரை எதிர்த்திசையில் பாய்ச்சிக் கழுவ வேண்டும். பிறகு கூலண்ட். இங்கே பனி உறையாதே என்பார்கள்; நமக்கு அது துருவைத் தடுக்கத்தான்.

ரேடியேட்டர் மூடியையும் யாரும் கவனிப்பதில்லை. 7 பவுண்டு அழுத்தத்தைத் தாங்கும் மூடி இருந்தால் தண்ணீர் 111 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் வளையம் போய்விட்டால் 100 டிகிரியிலேயே பொங்கும். அதற்காக அதிக அழுத்தமுள்ள மூடியைப் போட்டு பழைய குழாய்களை வெடிக்க வைக்காதீர்கள்.

நெரிசலில் மட்டும் கொதித்தால், இன்ஜின் மெதுவாகச் சுற்றுவதால் விசிறியும் மெதுவாகச் சுற்றுகிறது என்று பொருள். மின்விசிறி பொருத்தலாம், எம்ஜி நிறுவனமே பிற்கால வண்டிகளில் அதைத்தான் செய்தது. ஆனால் 1967க்கு முந்தைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த், டைனமோ. வயரை மாற்றிக் கொடுத்தால் விசிறி தலைகீழாகச் சுற்றும். நின்று ஓடும்போது டைனமோ தரும் மின்சாரமும் அதற்குப் போதாது.

மலையில் முள் சிவப்பை நெருங்கினால் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள். வியர்த்துக் கொட்டும், இன்ஜின் சற்று இளைப்பாறும். ஆவி வந்துவிட்டதா? ஓரங்கட்டி நிறுத்துங்கள். நன்றாக ஆறும்வரை மூடியைத் தொட வேண்டாம். கொதிநீர் முகத்தில் பீறிடும். அவசரப்பட்டுப் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடலாம். எம்ஜிபிக்கு இன்னொரு ஹெட், சுங்கைப்பட்டாணிக் கடைகளில் அவ்வளவு லேசாகக் கிடைக்காது.