அணைக்கும் நொடியில் இருக்கிறது சூட்சுமம்

1903 பிப்ரவரியில், இன்று ஆஸ்லோ என்று அழைக்கப்படும் நகரத்தின் பல்கலைக்கழக மண்டபத்தில், பிரமுகர்கள் முன்னிலையில் ஒரு பீரங்கி சோதிக்கப்பட்டது. வெடிமருந்து இல்லாமல் மின்காந்த விசையால் குண்டை எறியும் பீரங்கி அது. உருவாக்கியவர் கிறிஸ்டியான் பிர்கலாண்ட். வடதுருவ வானில் ஆடும் ஒளித்திரைகளை ஆராய்ந்த நார்வே இயற்பியலாளர். சுவிட்சைப் போட்டதும் குறுக்குச் சுற்று ஏற்பட்டது. பேரொலியோடு கண்ணைப் பறிக்கும் மின்வில் ஒன்று பீரங்கிக்குள்ளிருந்து சீறியது. குண்டு போகவில்லை. ஒரு வாரம் கழித்து ஒரு விருந்தில் பிர்கலாண்டின் அருகில் அமர்ந்தவர் சாம் ஐடே என்ற பொறியாளர். நார்வேயின் அருவிகளில் மின்சாரம் எடுத்துக் காற்றிலிருந்து உரம் செய்ய வழி தேடிக்கொண்டிருந்தவர் அவர். அதற்குப் பூமியிலேயே பெரிய மின்னல் வேண்டும் என்றார். அது தன்னிடம் இருக்கிறது என்று பிர்கலாண்டுக்குப் புரிந்தது.

அன்றைய உலகுக்கு அந்த மின்னல் அவசரமாகத் தேவைப்பட்டது. கோதுமை வயல்களுக்கான நைட்ரேட் உரம் சிலி நாட்டின் பாலைவனப் படிவுகளிலிருந்துதான் வந்தது. அது தீர்ந்தால் பஞ்சம் என்று வில்லியம் குரூக்ஸ் 1898-லேயே எச்சரித்திருந்தார். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான். ஆனால் அதன் இரு அணுக்களும் விடாப்பிடியாகப் பிணைந்திருப்பதால் பயிருக்கு அது எட்டாது. அந்தப் பிணைப்பை உடைக்கப் பிர்கலாண்டும் ஐடேவும் கட்டிய உலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். நெருப்புச் செங்கல்லால் கட்டிய ஒடுக்கமான அறை. நடுவே இரண்டு செப்பு மின்முனைகள், உள்ளே தண்ணீர் ஓடும் குழாய்களாகச் செய்யப்பட்டவை. அவற்றுக்கிடையே எழும் மின்வில்லைக் காந்தப்புலம் இருபுறமும் இழுத்து, ஏறத்தாழ ஓர் ஆள் உயர வட்டத் தட்டாக விரித்துவிடும். சுவரிலுள்ள துளைகள் வழியே நுழையும் காற்று, 3,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிய அந்தத் தட்டினூடே போகும்போது நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடு ஆகும்.

ஆவது கொஞ்சம்தான். வெளியே வரும் காற்றில் ஒன்றிரண்டு சதவீதம். அதைக் காப்பாற்றுவதில்தான் முழுச் சிரமமும். சூடு மெல்ல மெல்ல இறங்கினால், சேர்ந்த மூலக்கூறு பிரிந்து பழையபடி காற்றாகிவிடும். பிரிவதற்கு அவகாசம் தராமல் சட்டென ஆற்றினால்தான் அது நிலைக்கும். கொல்லுப்பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய அரிவாளைத் தண்ணீரில் முக்குவது எதற்காகவோ, அதற்காகத்தான் இதுவும்: சூட்டில் உண்டான அமைப்பு கலைவதற்குள் அதை உறைய வைப்பது. ஆற்றிய வாயுவைக் கருங்கல் கோபுரங்களில் தண்ணீரோடு கலந்து நைட்ரிக் அமிலமாக்கி, சுண்ணாம்புக் கல்லோடு வினைபுரிய விட்டால் கால்சியம் நைட்ரேட் உரம். 1905-ல் பிறந்த நார்ஸ்க் ஹைட்ரோ நிறுவனத்தின் தொடக்கம் இதுதான். ஒரு டன் அமிலத்துக்குச் சுமார் 15,000 யூனிட் மின்சாரம் பிடித்தது. அருவி இருந்த நாட்டுக்கு அது கட்டுபடியானது. 1913-ல் ஜெர்மனியில் காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் ஹேபர்-போஷ் முறை வந்ததும் அந்தக் கணக்கு தோற்றது. 1920-களின் இறுதியில் நார்ஸ்க் ஹைட்ரோவே அந்த முறைக்கு மாறியது.

தீயின் சூடு எரிபொருளிலிருந்து வருகிறது. எரிய ஆக்சிஜன் வேண்டும், எரிந்தால் புகை வரும், சூட்டுக்கும் ஒரு மேல்வரம்பு உண்டு. பிளாஸ்மா என்பது எலக்ட்ரான்கள் கழன்று மின்சாரம் கடத்தத் தொடங்கிய வாயு. பிர்கலாண்டின் மின்வில்லும் மின்னலும் வெல்டிங் பட்டறை வெளிச்சமும் அதுவே. அதன் சூடு மின்சாரத்திலிருந்து வருவதால் ஆக்சிஜனே இல்லாமலும் பல ஆயிரம் டிகிரியை எட்டலாம். இந்த வித்தியாசம் மிகப் பெரியது. ஆனாலும் இரண்டிலும் என்ன கிடைக்கும் என்பதை உச்சச் சூடு மட்டும் முடிவு செய்வதில்லை. உச்சியிலிருந்து எந்த வேகத்தில் இறங்குகிறோம் என்பது அதே அளவு முக்கியம். தீயையும் பிளாஸ்மாவையும் வேலை வாங்கும் துறையின் கண்டுபிடிப்புகளில் மேலானவை பலவும் இறங்கும் வழியைப் பற்றியவை.

பிர்கலாண்ட் பாடுபட்டுச் செய்த அதே நைட்ரிக் ஆக்சைடை இன்று ஒவ்வொரு டீசல் லாரியும் தன்னையறியாமல் செய்துகொண்டிருக்கிறது. எஞ்சினின் உருளைக்குள் தீ உச்சத்தைத் தொடும்போது காற்றின் நைட்ரஜன் எரிகிறது. அடுத்த கணமே பிஸ்டன் கீழிறங்க, வாயு விரிந்து குளிர, நைட்ரிக் ஆக்சைடு பிரிய நேரமில்லாமல் அப்படியே உறைந்து புகைக்குழாயில் வெளியேறுகிறது. இந்த வினைத்தொடரை 1940-களில் விளக்கியவர் சோவியத் அறிஞர் யாக்கோவ் செல்டோவிச். நார்வே ஆலையில் உரம், சென்னை அண்ணா சாலையில் மூச்சுத் திணறல். வேதியியல் ஒன்றேதான். இதற்கான மருந்தும் உரப் பையிலிருந்தே வந்தது. 1970-களில் அமெரிக்காவின் எக்ஸான் நிறுவனத்தில் ரிச்சர்ட் லையன், புகைவாயு ஏறத்தாழ 900 முதல் 1,100 டிகிரிக்குள் இருக்கும்போது அம்மோனியாவைச் செலுத்தினால் நைட்ரிக் ஆக்சைடு மறுபடி நைட்ரஜனும் நீராவியுமாக உடைந்துவிடும் என்று காட்டினார். அந்த இடைவெளிக்குக் கீழே போனால் அம்மோனியா வினைபுரியாமல் தப்பும். மேலே போனால் அம்மோனியாவே எரிந்து புதிதாக நைட்ரிக் ஆக்சைடைத் தரும். லாரியில் அத்தனை சூடு கிடைக்காது. அதனால் வினையூக்கியின் உதவியோடு குறைந்த சூட்டில் அதே வேலை நடக்கிறது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்தபின் பெட்ரோல் பங்குகளில் லாரிக்காரர்கள் தனித் தொட்டியில் ஊற்றும் திரவம், சூட்டில் அம்மோனியாவைத் தரும் 32.5 சதவீத யூரியாக் கரைசல்.

சூடு இறங்கும் பாதையை நுணுக்கமாக ஆளும் தொழில் ஒன்று உண்டு. டயருக்குக் கறுப்பையும் வலுவையும் தரும் கார்பன் பிளாக் தயாரிப்பு அது. சாதாரண டயரின் எடையில் சுமார் கால் பங்கு இந்தக் கரிதான். 1943-ல் அமெரிக்காவின் பிலிப்ஸ் பெட்ரோலியம் கொண்டுவந்த உலைமுறையே இன்றும் கோலோச்சுகிறது. சீறிப் பாயும் தீவாயுவுக்குள் கனமான எண்ணெயைத் தூவுவார்கள். முழுக்க எரியப் போதுமான காற்று இருக்காது. எண்ணெய் சிதைந்து நுண்கரித் துகளாகும். நீண்ட உலைக்குழாயில் அங்கங்கே தண்ணீர் தெளிக்கும் வாய்கள் இருக்கும். எந்த வாயைத் திறப்பது என்பதைப் பொறுத்து வினை எந்த இடத்தில் நிற்கிறது என்பது மாறும். கரியின் தரமும் அதோடு மாறும். தண்ணீர் பிந்தினால், கிடைத்த கரியும் வாயுவோடு வினைபுரிந்து கரைந்துபோகும்.

இந்த முறையின் குறை, ஆகும் கரியைவிடக் கூடுதலான எடையில் கரியமில வாயு வெளியேறுவது. எரிக்காமலேயே கரியைப் பிரிக்கலாமே என்று பிளாஸ்மாவை நாடியவர்களும் நார்வேக்காரர்கள்தான். க்வேர்னர் நிறுவனத்தின் முறையில் 1999-ல் கனடாவில் ஓர் ஆலை எழுந்தது, நாலைந்து ஆண்டுகூடத் தாக்குப்பிடிக்காமல் மூடப்பட்டது. 2020-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் மோனோலித் நிறுவனம் கட்டி முடித்த ஆலை அதே கனவின் அடுத்த முயற்சி. இயற்கை எரிவாயுவின் மீத்தேனை மின்சாரத்தால் சூடாக்கிய பிளாஸ்மா பிளக்கிறது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 3 கிலோ கரி. ஆக்சிஜன் இல்லாததால் அந்த இடத்தில் கரியமில வாயு பிறக்காது. மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் லாபம் கரைந்துவிடும் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

தீ கரியை மட்டும் தருவதில்லை. 1942-ல் ஜெர்மனியின் டெகுசா நிறுவனத்தில் ஹாரி க்ளோப்ஃபர், சிலிக்கான் டெட்ராகுளோரைடு ஆவியை ஹைட்ரஜன் தீயில் எரித்து மிக நுண்ணிய வெண்சிலிக்கா செய்தார். ஒரு கிராமின் பரப்பை விரித்தால் 200 சதுர மீட்டர் வரும் ரகங்கள் அதில் சாதாரணம். பற்பசையிலும் பெயின்ட்டிலும் இருக்கிறது. கார்னிங் நிறுவனம் 1970-ல் முதல் பயனுள்ள ஒளியிழைக்கான கண்ணாடியைச் செய்ததும் இதே குடும்பத் தீயில்தான்.

ஆனால் இந்தத் தீ முறைகளில் எனக்கு மிக அழகாகத் தோன்றுவது 1902-ல் பாரிஸில் ஓகுஸ்த் வெர்நூய் வெளியிட்டது. மேலே ஒரு சிறு சுத்தி தட்டத் தட்ட அலுமினா தூள், சிவப்புக்காகச் சிறிது குரோமியம் சேர்த்தது, சிட்டிகை சிட்டிகையாக உதிரும். கீழ்நோக்கி எரியும் ஹைட்ரஜன்–ஆக்சிஜன் தீயில் 2,000 டிகிரிக்கு மேல் உருகி ஒரு தண்டின் நுனியில் விழும். தண்டு மெல்லக் கீழிறங்க, மணிக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வீதம் மாணிக்கம் வளரும். முடிந்ததும் அதை ஒரு தட்டுத் தட்டுவார்கள், நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கும். ஆறும்போது வெளிப்புறமும் உட்புறமும் ஒரே சீராகச் சுருங்காததால் உள்ளே தேங்கிய அழுத்தம் அப்படி விடுபடுகிறது. பிளந்தால்தான் பட்டை தீட்டும்போது நொறுங்காது. கைக்கடிகாரங்களின் தாங்கிக் கற்களுக்கு இந்த மாணிக்கமே ஆதாரமானது. திருச்சி வட்டாரத்தில் தலைமுறைகளாகச் செயற்கைக் கல் பட்டை தீட்டிய குடும்பங்களின் சக்கரத்திலும் இந்தத் தீயில் பிறந்த சிவப்புக் கற்கள் சுழன்றிருக்கின்றன.

குப்பைக்கு வந்தால், இதே விதி உயிர்ப் பிரச்சினையாகிறது. 1977-ல் நெதர்லாந்தின் குப்பை எரியுலைகள் சிலவற்றின் சாம்பலை ஆராய்ந்த ஓலி, வெர்மூலன், ஹுட்சிங்கர் மூவரும் அதில் டையாக்சின் இருப்பதைக் கண்டார்கள். புற்றுநோயை வரவழைக்கும் சேர்மங்கள் அடங்கிய குடும்பம் அது. கொழுப்பில் தங்கி ஆண்டுக்கணக்கில் உடலைவிட்டு நீங்காது. 850 டிகிரிக்கு மேல் இரண்டு நொடி நின்றால் டையாக்சின் சிதைந்துவிடும். பிறகு எப்படி வந்தது? புகை வெளியேறும் வழியில், ஏறத்தாழ 450-லிருந்து 200 டிகிரிக்கு இறங்கும்போது, சாம்பலில் மிஞ்சிய கரியும் பிளாஸ்டிக்கிலிருந்து வந்த குளோரினும் செம்பு போன்ற உலோகத் துணுக்குகளின் தூண்டுதலில் மறுபடி டையாக்சினாகக் கூடுகின்றன. கொதிகலனில் வாயு நிதானமாக ஆறினால் நஞ்சுக்கு அவகாசம் கிடைக்கும். தண்ணீர் தூவி அந்த இடைவெளியை நொடிக்குள் கடத்திவிட்டால் அவகாசம் பறிபோகும். 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் குப்பைமேடு பத்து நாளுக்கு மேல் புகைந்தபோது நடந்தது இதன் நேர்மாறு: குறைந்த சூடு, மூச்சுமுட்டும் எரிதல், ஆறுவதற்கு வேண்டிய நேரம். குப்பைமேட்டுத் தீயை வெறும் புகைத் தொல்லையாகப் பார்க்கும் வழக்கம் எனக்குக் கவலை தருகிறது.

மருத்துவமனைக் கழிவுக்குக் காந்திநகர் அருகே உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய கருவியில், கார்பன் மின்முனைகளுக்கிடையே எழும் மின்வில் ஆக்சிஜன் மிகக் குறைவான அறையில் கழிவை எளிய வாயுக்களாகச் சிதைக்கிறது. அந்த வாயுவை இரண்டாவது அறையில் எரித்து உடனே ஆற்றுகிறார்கள். 2016-ன் உயிரி மருத்துவக் கழிவு விதிகள் எரியுலையோடு பிளாஸ்மா முறையையும் ஏற்றிருக்கின்றன. அளவு சிறியது, அபாயம் பெரியது என்ற இடத்துக்கு இது பொருந்தும்.

நகரக் குப்பை முழுவதையும் இப்படித் தீர்த்துவிடலாம் என்ற வாக்குறுதியை நான் நம்பவில்லை. இங்கிலாந்தின் டீஸ் பள்ளத்தாக்கில் ஏர் புராடக்ட்ஸ் நிறுவனம் இரண்டு பிளாஸ்மா ஆலைகளில் பணத்தைக் கொட்டி, 2016-ல் கைவிட்டது. நட்டம் 90 முதல் 100 கோடி டாலர் என்று அறிவித்தது. நம் குப்பையோ ஈரம் மிகுந்தது. ஒரு டன்னில் பாதி ஈரம் என்றால், அதை ஆவியாக்க மட்டுமே 300 யூனிட்டுக்கு மேல் செலவாகும். இலை, தழை, மிச்சச் சோற்றை மட்க வைக்க அந்த மின்சாரம் தேவையே இல்லை.

எரியுலையோ பிளாஸ்மாவோ, ஏற்கெனவே இயங்கும் மருத்துவக் கழிவு ஆலைகளுக்குப் புகையில் டையாக்சின் வரம்பு கனமீட்டருக்கு 0.1 நானோகிராம். மற்ற பல அளவுகள் கருவியில் இடைவிடாமல் பதிவாகும்போது, டையாக்சினை ஆண்டுக்கு ஒருமுறை சோதித்தால் போதும் என்கிறது விதி. அந்த ஒரு நாள் நல்ல நாளாக அமைந்துவிடலாம். மற்ற நாட்களில் நிலைமையை மறைமுகமாகவாவது காட்டக்கூடியது, புகையை ஆற்றும் கோபுரத்தின் நுழைவாயிலிலும் வெளிவாயிலிலும் பதிவாகும் வெப்பநிலை. ஆலைக்கு அருகில் குடியிருப்பவர்கள் இரண்டாம் அறையின் சூட்டோடு இந்த இரண்டு எண்களையும் சேர்த்து, தேதிவாரியாகக் கேட்டு வாங்க வேண்டும்.