ஐயம் எழுந்தால் நிற்க!

மார்கழி, தைத் திங்கள்களில் வடநாட்டு மூடுபனியால் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகின்றன. ஊருக்குப் புறப்பட்ட நம்மவர் விசாரணைச் சாளரத்தின் முன் நின்று கடிந்துகொள்வதைக் கேட்பது, எம் போன்ற ரயில்வே குமாஸ்தாக்களுக்குப் பழகிப்போன ஒன்று. அவர்கட்கு ஒரு விதியை யான் எடுத்துரைப்பதுண்டு. கைகாட்டி தெளிவாகத் தெரியாவிடில், அது இடக்கூடிய மிகக் கண்டிப்பான கட்டளையையே இட்டதாக ஓட்டுநர் கொள்ளவேண்டும். இவ்விதியின் அருமையை விமான விபத்தொன்று நன்கு விளக்கும்.

1982ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள், அமெரிக்கத் தலைநகராம் வாஷிங்டனில் கடும்பனி பொழிந்தது. ஏர் புளோரிடா நிறுவனத்தின் போயிங் 737 விமானம் 79 பேருடன் புறப்படக் காத்திருந்தது. இறக்கைகளில் படிந்த பனியை மருந்துநீர் தெளித்து அகற்றினர். பின்னர் அது தரைவிட்டெழ ஏறத்தாழ 49 நிமிடங்கள் சென்றன. அதற்குள் பனி மீண்டும் படிந்துவிட்டது.

இறக்கையின் வழவழப்பான வளைவின்மீது காற்று ஒழுங்காக ஓடுவதாலேயே விமானம் உயர்கிறது. உப்புத்தாள் போன்ற சொரசொரப்பான மெல்லிய உறைபனி படிந்தாலும் அவ்வோட்டம் குலையும். தூக்கும் விசை குன்றும்.

விமானிகள் மற்றுமொரு பிழையும் செய்தனர். இயந்திரங்களில் பனி உறையாமற் காக்கும் வெப்பச் சாதனத்தை அவர்கள் இயக்கவில்லை. அதனால் விசையை அளக்கும் குழாய் பனியால் அடைபட்டது. போதிய விசை இல்லாதபோதும், இருப்பதாகவே மானி காட்டிற்று. விமானம் ஓடுபாதையில் விரைகையிலேயே துணை விமானி ஐயுற்றார். மானி காட்டுவது சரியன்று என ஒருமுறைக்கு மேலும் கூறினார். ஓட்டத்தை நிறுத்தும் அதிகாரம் படைத்த தலைமை விமானியோ நிறுத்தவில்லை.

மேலெழுந்த அரை நிமிடத்திற்குள் விமானம் ஒரு பாலத்தில் மோதி, உறைந்துகிடந்த போட்டோமாக் ஆற்றில் வீழ்ந்தது. விமானத்திலிருந்த 74 பேரும், பாலத்தின்மீது ஊர்திகளில் சென்ற நால்வரும் மாண்டனர். வால்பகுதியைப் பற்றியிருந்த அறுவருள் ஆர்லண்ட் வில்லியம்ஸ் என்பார், ஹெலிகாப்டரிலிருந்து இறக்கிய கயிற்றைப் பிறர்க்கே அளித்துத் தாம் ஆற்றில் மூழ்கினார். ஏனைய ஐவர் பிழைத்தனர். 1985இல் அப்பாலத்திற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

ஐயத்தை உரைப்பவர் பதவியில் இளையவராயினும் அதற்குச் செவிசாய்த்தல் மூத்தோர் கடன். அன்பர்களே, இக்குளிர்காலத்தில் உங்கள் வண்டி நடுவழியில் நின்றால் வெகுளாதீர். முன்னே உள்ள கைகாட்டி ஓட்டுநர்க்குத் தெரியவில்லை போலும் என்றெண்ணிப் பொறுத்திருங்கள். ஊரில் காத்திருக்கும் பெற்றோர்க்கு, பிள்ளைகள் பிந்தியேனும் நலமே வந்துசேர்வது போதும்.