எஃகு உள்ளும் புறமும் உறுதி பெற

துருப்பிடித்த நட்டைக் கழற்றும்போது ஸ்பானர் முறிந்தால் தொழிலாளியின் கை காயமுறும். அதன் வாய் விரிந்துவிட்டாலோ கருவி பயனற்றுப் போகும். முன்னதற்கு எஃகு கடினமாக இருந்தும் நொறுங்கும் இயல்புடையதாக இருப்பதும், பின்னதற்கு அது மென்மையாக இருப்பதும் காரணமாகும். கடினத் தன்மை வேறு, முறியாத் தன்மை வேறு. இவ்விரண்டையும் மேற்பரப்பு முதல் நடுப்பகுதி வரை எஃகுக்கு அளிப்பதே வெப்பச் செயல்முறையின் நோக்கம்.

0.4 சதவிகிதம் கார்பன் உள்ள எஃகை ஏறத்தாழ 850 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றினால், கார்பன் இரும்பில் முழுமையாகக் கரைந்து பரவுகிறது. மெதுவாக ஆறவிட்டால் அது பிரிந்து, எஃகு மென்மையாகிவிடும். நீரிலோ எண்ணெயிலோ தோய்த்து விரைவாகக் குளிரச் செய்தால், கார்பன் பிரிந்து செல்ல நேரமின்றி உள்ளேயே சிறைப்படுகிறது. இதனால் மார்ட்டென்சைட் என்னும் மிகக் கடினமான அமைப்பு உருவாகிறது.

நடுப்பகுதியின் சிக்கல்

ஆயினும் வெப்பம் மேற்பரப்பின் வழியாகவே வெளியேற வேண்டும். பருமனான தண்டின் நடுப்பகுதி தாமதமாகவே குளிரும். எனவே சாதாரணக் கார்பன் எஃகில் மேல்தோல் மட்டுமே கடினமாகும். குளிர்விக்கும் வேகத்தை மேலும் கூட்டினால் எஃகு வளையும், அன்றி வெடிக்கும். குரோமியம், நிக்கல், மாங்கனீசு, மாலிப்டினம் போன்ற உலோகங்களைச் சேர்ப்பதே இதற்குப் பரிகாரம். இவை கார்பன் பிரிவதைத் தாமதப்படுத்துவதால், எண்ணெயில் சற்று மெதுவாகக் குளிர்ந்தாலும் நடுப்பகுதி வரை கடினமாகிறது. சூடேற்றிய 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டின் ஒரு முனையில் மட்டும் நீரைப் பீய்ச்சி, அம்முனையிலிருந்து கடினம் எவ்வளவு தூரம் பரவியுள்ளது என அளக்கும் ஜாமினி சோதனை இத்திறனைக் காட்டும்.

பதப்படுத்தலின் அவசியம்

தோய்த்த எஃகு கண்ணாடியைப் போல் நொறுங்கக் கூடியது. ஆகவே தாமதமின்றி மீண்டும் சூடேற்றிப் பதப்படுத்த வேண்டும். அச்சுத் தண்டுகளுக்குப் பொதுவாக 550 முதல் 650 டிகிரி வரையிலும், விற்சுருள்களுக்கு அதைவிடக் குறைந்த வெப்பநிலையிலும் இது நடைபெறும். கடினம் ஓரளவு குறையும். முறியாத் தன்மை பெரிதும் கூடும்.

சிறு பட்டறைகளில் எஃகின் நிறத்தைக் கண்டே வெப்பத்தை மதிப்பிடும் வழக்கம் உண்டு. பட்டப்பகலில் பார்க்கும் செந்நிறமும் மாலை இருளில் பார்க்கும் செந்நிறமும் ஒரே வெப்பநிலையைக் குறிப்பதில்லை. வெப்பநிலை காட்டும் பைரோமீட்டர் பொருத்திய உலையே இக்குறையைப் போக்கும். கைக்கருவித் தொழில் செழித்த பஞ்சாபின் ஜலந்தரில் 1983இல் மத்திய கைக்கருவி நிறுவனம் அமைக்கப்பட்டது. சிறு தொழில்களுக்குத் தொழில்நுட்ப உதவியும் பயிற்சியும் அளிப்பது அதன் பணி. தனித்து உலை அமைக்க இயலாத பட்டறைகளுக்குப் பொது வெப்பச் செயல்முறைக் கூடங்கள் பெருந்துணையாகும். சரியான எஃகும் அளந்த வெப்பமும் சேர்ந்தால், கருவியும் நிலைக்கும். அதைப் பிடிக்கும் கையும் காக்கப்படும்.